பரணில் இருக்கும் எட்டு வட்டுகள்

2008-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், நியூ ஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் பொங்கலுக்காகச் சென்னை வந்தபோது, மேற்கு மாம்பலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு, டிவிடியைவிடத் தெளிவாகப் படம் காட்டும் ஓர் எச்டி டிவிடி பிளேயரையும் எட்டுப் பட வட்டுகளையும் கொண்டுவந்தார். சினிமா என்றால் என் அப்பாவுக்கு உயிர் என்பது அவருக்குத் தெரியும். முந்தைய நவம்பர் தள்ளுபடியில் அதை வாங்கியபோதே சித்தப்பாவுக்கு என்று எடுத்து வைத்துவிட்டாராம். பிளேயர் வாங்கியவர்களுக்கு ஐந்து படங்கள் இலவசம் என்று ஒரு சலுகை அப்போது அங்கே இருந்தது. அந்த ஐந்துடன், அப்பா விரும்புவார் என்று நினைத்த மூன்று படங்களைத் தன் கைக்காசில் சேர்த்து வாங்கியிருந்தார்.

கருவி 110 வோல்ட்டில் மட்டும் ஓடக்கூடியது என்பதால், ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்தோம். அதைப் பொருத்தி முதல் படத்தைப் போட்ட அன்று மாலைதான், வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் இனி எச்டி டிவிடிக்குப் போட்டியான ப்ளூரே வட்டில் மட்டுமே படங்களை வெளியிடப் போவதாக ஜனவரி 4-ஆம் தேதி அறிவித்துவிட்ட செய்தியை அண்ணன் கணினியில் படித்தார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தப்பான பக்கத்தை வாங்கிட்டு வந்துட்டேன் சித்தப்பா" என்றார். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "படம் ஓடுதில்லப்பா, அப்புறம் என்ன" என்றார். அடுத்த ஆறு வாரங்களில், பிப்ரவரி 19-ஆம் தேதி, எச்டி டிவிடி முறையைக் கைவிடுவதாக, அதை முன்னின்று கொண்டுவந்த தோஷிபா அறிவித்தது.

எச்டி டிவிடிக்கும் ப்ளூரேக்கும் நடந்த அந்தப் போட்டியின் முடிவைப் பற்றி இன்றும் எழுதுகிறவர்கள், நுகர்வோர் ப்ளூரேயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடு இல்லை. அண்ணனைப் போன்ற சில லட்சம் பேர் நம்பிக்கையோடு பணம் கொடுத்து வாங்கினார்கள். மற்ற கோடிக்கணக்கானவர்கள் இரண்டையும் வாங்காமல் இருந்தார்கள். தேர்ந்தெடுத்தவை படக் கம்பெனிகளும் பெரிய சில்லறைக் கடைகளும்தான். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி "மக்கள் தீர்ப்பு" என்று பெயர் வைப்பது, நஷ்டப்பட்டவர்களின் தலையிலேயே பழியையும் வைப்பதாகும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறைகளும் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதே நீலஊதா லேசரைத்தான் பயன்படுத்தின. ப்ளூரேயில் தகவல் பதியும் அடுக்கு வட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது; எச்டி டிவிடியில், பழைய டிவிடியைப் போலவே, 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அடுக்கு மேலே வந்ததால் லேசரை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிந்தது; ஆகவே ப்ளூரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபி கொண்டது, எச்டி டிவிடியில் 15 ஜிபிதான் கொண்டது. மறுபக்கம், எச்டி டிவிடியை ஏற்கெனவே டிவிடி அச்சடித்துக்கொண்டிருந்த தொழிற்சாலைகளிலேயே சிறிய மாற்றங்களோடு தயாரிக்க முடிந்தது. ப்ளூரேக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டியிருந்தன. சோனி, பானசோனிக், பிலிப்ஸ் முதலிய நிறுவனங்கள் ஒரு பக்கமும், தோஷிபா, என்இசி, மைக்ரோசாஃப்ட் ஆகியவை மறுபக்கமும் நின்றன. படக் கம்பெனிகளில் டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி ஆகியவை ப்ளூரேயிலும், யுனிவர்சல் எச்டி டிவிடியிலும் மட்டுமே வெளியிட்டன. இரண்டிலும் வெளியிட்டுவந்த பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்டி டிவிடிக்கு முழுமையாக மாறியது. அதே போல் இரண்டிலும் இருந்த வார்னர் 2008 ஜனவரியில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

இந்தக் கணக்கை ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் நின்று பாருங்கள். எந்தப் பிளேயரை வாங்கினாலும், கடையில் இருக்கும் புதிய படங்களில் ஒரு பெரும் பகுதி அதில் ஓடாது. எந்தப் படம் ஓடும், எது ஓடாது என்பதும் நிலையாக இல்லை. ஆகஸ்டில் இருந்த பட்டியல் ஜனவரியில் இல்லை. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்த முதல் எச்டி டிவிடி பிளேயரின் விலை 499 டாலர். ஜூனில் வந்த முதல் ப்ளூரே பிளேயரின் விலை 999 டாலர். இரண்டும் ஓடட்டும் என்று நினைத்தவர்களுக்காக 2007 தொடக்கத்தில் எல்ஜி ஒரு கூட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. அதன் விலை 1,199 டாலர், அதிலும் எச்டி டிவிடியின் எல்லா வசதிகளும் வேலை செய்யவில்லை. ஒரு பக்கத்தில் ப்ளூரே, மறுபக்கத்தில் எச்டி டிவிடி என்று ஒரே வட்டில் இரண்டையும் தரப்போவதாக வார்னர் அதே சமயத்தில் அறிவித்தது. அந்த வட்டு கடைக்கு வரவே இல்லை. இத்தனைக்கும் நடுவில், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிவிடி பிளேயரே போதும் என்று ஒருவர் முடிவு செய்தால், அதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். ஒன்றுபட்டு வாருங்கள், அப்போது வாங்குகிறோம் என்று கம்பெனிகளிடம் சொல்வதற்கு வாடிக்கையாளரிடம் இருந்த ஒரே வழி அதுதான்.

டிவிடியின் வரலாறே அதற்குச் சான்று. 1995-இல் அதற்கும் இதே போல் இரண்டு எதிரெதிர்த் திட்டங்கள் இருந்தன. ஒன்று சோனியும் பிலிப்சும் முன்வைத்தது, மற்றொன்று தோஷிபாவும் அதன் கூட்டாளிகளும் முன்வைத்தது. விஎச்எஸ், பீட்டாமேக்ஸ் என்ற இரண்டு வகை வீடியோ கேசட்டுகளுக்கு நடந்த பழைய சண்டை மறுபடி வரக் கூடாது என்று ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் வற்புறுத்தியதால், கடைக்கு ஒரு கருவிகூட வருவதற்கு முன்பே இரு தரப்பும் ஒன்றுபட்டன. உலகம் முழுவதும் அத்தனை வேகமாக டிவிடி வீடுகளுக்குள் வந்ததற்கு அந்த ஒற்றுமை ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய அதே நிறுவனங்கள் அதை மறந்துபோனதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சென்னையில் இந்தப் போட்டி யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை என்று சொன்னால் மிகையாகாது. அதற்குக் காரணம் எங்களுக்குப் படத்தின் தரத்தில் அக்கறை இல்லை என்பதல்ல. எங்கள் தெருமுனையில் இருந்த கேசட் கடையில், எண்பதுகளின் இறுதியில் டெக்கும் மூன்று கேசட்டுகளும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்துவந்து, விடிய விடியத் தெருவே உட்கார்ந்து பார்த்த காலத்திலேயே, "இது கேமரா பிரின்ட்டா, நல்ல பிரின்ட்டா" என்று கேட்காமல் அப்பா எடுத்ததில்லை. பிறகு விசிடி வந்தது. 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட அந்தப் படம் கேசட்டைவிடப் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. ஒரு வட்டில் 74 நிமிடங்கள், மிஞ்சினால் 80 நிமிடங்கள்தான் கொள்ளும் என்பதால், நம் படங்கள் இரண்டு வட்டுகளிலோ மூன்று வட்டுகளிலோ வந்தன. பாட்டு நடுவில் அறுந்து அடுத்த வட்டுக்குப் போகும். ஆனாலும் அந்தக் கேசட் கடை அண்ணாச்சி ஒரே ஆண்டில் அலமாரி முழுவதையும் விசிடிக்கு மாற்றினார். பிளேயர் மலிவு, வட்டு மலிவு, யாருடைய பிளேயரிலும் யாருடைய வட்டும் ஓடும். வாடகையில் கைமாறிக் கைமாறிக் கோடு விழுந்த வட்டைப் பற்பசை தடவித் துடைத்து எப்படியோ ஓட்டிவிடலாம்.

வட்டின் மேல் விழும் கோடு என்பது எங்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல என்பதால் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தகவல் அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் ப்ளூரே வட்டு எளிதில் கீறல் பட்டு வீணாகிவிடும் என்று தொடக்கத்தில் பலர் அஞ்சினார்கள்; முதலில் அதை ஓர் உறைப்பெட்டிக்குள் வைத்தே விற்கும் திட்டமும் இருந்தது. பிறகு டிடிகே நிறுவனம் உருவாக்கிய கடினப் பூச்சு வந்தபின் உறைப்பெட்டி தேவையில்லாமல் போனது. அந்தப் பூச்சின் புண்ணியத்தில், இன்று என்னிடம் இருக்கும் ப்ளூரே வட்டுகளில் ஒன்றில்கூடக் கோடு இல்லை. தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவன் என்றாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போட்டி உச்சத்தில் இருந்த அதே 2007-இல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அது வட்டின் அடர்த்தியைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியது. வட்டுத் தயாரிப்பு நிறுவனமான மோசர் பேர் தமிழ்ப் படங்களின் உரிமைகளை வாங்கி, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதுவரை முறையான டிவிடி வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் செலவழிக்க வேண்டும்; இல்லையென்றால் பர்மா பஜாரில் திருட்டு டிவிடி வாங்க வேண்டும். 34 ரூபாய் என்றதும், திருட்டு விசிடியைத் தொட மாட்டேன் என்று கொள்கையோடு இருந்த என் அப்பா, மளிகைக் கடையில் பருப்போடு சேர்த்து டிவிடி வாங்கிவந்தார். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும்கூட டிவிடி தொங்கிய காலம் அது. நுகர்வோர் உண்மையிலேயே தேர்ந்தெடுத்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அந்த மளிகைக் கடைக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

தொலைக்காட்சிப் பெட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. நடுத்தர வீடுகளில் இருந்தது பெரும்பாலும் 21 அங்குலப் பெட்டி. எங்கள் வீட்டில் அந்தப் பொங்கலுக்கு முன்புதான் கடன் போட்டு 32 அங்குல எல்சிடி வாங்கியிருந்தோம். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், நல்ல டிவிடிக்கும் எச்டி டிவிடிக்கும் வேறுபாடு சட்டென்று தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அப்பா நாற்காலியை நான்கடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு காட்சியில் நடிகரின் கோட்டுத் துணியில் இருந்த நூலிழை தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். தியேட்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் இப்படித் தெரியாது என்றார். அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. புதிய முறையை முதலில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த மகிழ்ச்சிக்காகவே வாங்குகிறார்கள் என்பதை நான் நேரில் கண்டேன்.

எச்டி டிவிடியின் ஒரு குணத்தை நான் இன்றும் மதிக்கிறேன்: அதில் பகுதிக் குறியீடு கிடையாது. டிவிடியில் அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஐந்து என்று உலகைக் கூறுபோட்டு, ஓர் ஊரில் வாங்கிய வட்டு இன்னோர் ஊர்ப் பிளேயரில் ஓடாமல் பூட்டியிருந்தார்கள். ப்ளூரேயிலும் மூன்று பகுதிகள் வைத்து இந்தியாவை மூன்றாவதில் சேர்த்தார்கள். அண்ணன் கொண்டுவந்த எட்டு வட்டுகளையும் உலகின் எந்த மூலையில் வாங்கிய எச்டி டிவிடி பிளேயரிலும் போடலாம். அயல்நாட்டில் பிள்ளைகளும் இங்கே பெற்றோரும் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, சூட்கேஸில் வந்த படம் வீட்டில் ஓடுமா என்ற கேள்வியே எழாத ஒரு முறை அது. போட்டியைப் பற்றிய கட்டுரைகளில் இது ஓரமாகவே சொல்லப்படுகிறது.

அறிவிப்புக்குப் பிறகு வாங்கியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அண்ணன் அவ்வப்போது தொலைபேசியில் சொல்வார். சிலர் கையெழுத்து இயக்கம் நடத்தி, முறையைக் கைவிட வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு மனு போட்டார்கள். சிலர் விலை சரிந்ததைப் பார்த்து, கிடைத்த வட்டுகளையெல்லாம் அள்ளி, உதிரியாக இன்னொரு பிளேயரையும் வாங்கி வைத்தார்கள். பலர் கோபத்தில் இனி வட்டே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டதுதான் இதில் மிகவும் வேதனையானது. தங்கள் பணத்தைப் பணயம் வைத்த நிறுவனங்களின் சார்பில் அவர்கள் ரசிகர் மன்றத்தினரைப் போல மோதிக்கொண்டார்கள். அந்த நிறுவனங்களோ, தோஷிபா விலகிய அதே நாளில் யுனிவர்சலும் மறுநாள் பாரமவுண்டும் ப்ளூரே பக்கம் வந்து சேர்ந்ததைப் போல, ஓர் அறிக்கையில் இடம் மாறிக்கொண்டன.

நஷ்டத்துக்கு ஈடு உண்டா என்றால், ஒரு சில இடங்களில் இருந்தது. அமெரிக்கக் கடை நிறுவனமான பெஸ்ட் பை தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டை கொடுத்தது. இதைவிடப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1998-இல் சர்க்கிட் சிட்டி என்ற கடை நிறுவனம் டிவிஎக்ஸ் என்ற பெயரில், வாங்கி முதல் முறை போட்டதிலிருந்து 48 மணி நேரம் மட்டுமே ஓடும் ஒரு வட்டைக் கொண்டுவந்தது. மறுபடி பார்க்கப் பணம் கட்ட வேண்டும், பிளேயரைத் தொலைபேசி இணைப்பில் பொருத்தி வைக்க வேண்டும். டிவிடி வாங்கியிருந்த ரசிகர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1999 ஜூனில் அது மூடப்பட்டது. அப்போது அந்தப் பிளேயரை வாங்கியிருந்தவர்களுக்கு 100 டாலர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மூடுகிறவர்கள் வாங்கியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அங்கே ஒரு முறையாவது செயலில் காட்டப்பட்டது. ஒரு முறையைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே, அதைக் கைவிட நேர்ந்தால் இத்தனை ஆண்டுகளுக்கு உதிரிப் பாகம் தருவோம், வட்டுகளை மாற்றித் தருவோம் என்று எழுத்தில் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிளேயர் இன்னமும் சாதாரண டிவிடிகளை மேலும் தெளிவாகக் காட்டும், ஆகவே பணம் வீணாகவில்லை என்று அப்போது ஓர் ஆறுதல் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். அமெரிக்கப் பகுதிக்குப் பூட்டப்பட்ட எங்கள் கருவியில், அப்பா மளிகைக் கடையில் வாங்கிய தமிழ் டிவிடிகளில் சில ஓடின, பல ஓடவில்லை.

வென்ற பக்கத்தில் வாங்கியவர்களும் முழு நிம்மதியோடு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ப்ளூரேயின் விதிமுறைகள் முழுமை பெறுவதற்கு முன்பே பிளேயர்கள் விற்கப்பட்டன. பின்னால் வந்த வட்டுகளில் இருந்த, படத்தின் மேலேயே இன்னொரு சிறு படம் ஓடும் வசதியும் இணைய வசதியும் முதலில் வாங்கிய பல பிளேயர்களில் வேலை செய்யவில்லை. 999 டாலர் கொடுத்தவரும் ஏமாற்றத்தோடு இருந்தார் என்றால், அந்தப் போட்டியில் வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பின்வரிசையில்தான் இருந்தார்.

அப்பா 2015 வரை அந்த எட்டுப் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு துண்டுத்தாளில் பார்த்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். ஒரு படத்துக்கு மட்டும் பதினான்கு தேதிகள் இருக்கின்றன. அவர் மறைந்த பிறகு பிளேயரும் வட்டுகளும் பரணுக்குப் போயின. சென்ற மாதம் இறக்கித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வட்டு சுழன்றது, படம் வரவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தபோது, இருபது ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் போயிடுச்சு சார். இதுக்கு லென்ஸ் எங்கேயும் வராது" என்று பணம் வாங்காமல் மூடிக் கொடுத்தார்.

அண்ணனிடம் சொன்னேன். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ விளையாட்டுக் கருவியுடன் இணைப்பதற்காக 2006-இல் மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற எச்டி டிவிடி டிரைவ் ஒன்றைப் பழைய பொருள் விற்பவரிடம் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். அதைக் கணினியின் யுஎஸ்பி துளையிலும் பொருத்தலாம். வரும் பொங்கலுக்குச் சூட்கேஸில் கொண்டுவருகிறார். அதற்கும் அமெரிக்க மின்சாரம் வேண்டியிருக்குமோ என்று நேற்று அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மாட்டிப் பார்த்தேன். வேலை செய்கிறது.